பிடுங்காத ஊதாப் பூ

தொண்ணூறுகளில் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் என் பக்கத்து அறையில் இருந்தவர் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தார். ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. எந்த அறிவிப்புப் பலகையையும் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் நகர்வார். அகதி வழக்கு முடியாதவர்களுக்கு அப்படி ஒரு பயம் உண்டு.

தாயார் இறந்த செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாச் சடங்கும் முடிந்திருந்தது. அந்த ஞாயிறு அவரை லண்டனின் தெற்கு ஓரத்துச் சுண்ணாம்பு மேட்டுக்கு அழைத்துப் போனேன். குட்டைப் புல்லுக்குள் விரல் உயரத்தில் ஊதாப் பூக்கள்.

"அம்மான்ர படத்துக்கு ஒண்டு வைப்பம்" என்று குனிந்தவர், பக்கத்திலிருந்த பலகையை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். அரிய செடி, பிடுங்கக் கூடாது என்றிருந்தது.

"ஆரும் இல்லை. ஒண்டைப் பிடுங்கும்" என்றேன்.

"ஏலாது அண்ணை. கேஸ் நடக்குது."

"பூவுக்கு ஆர் கேஸ் போடப்போறான்?"

"திருப்பி அனுப்ப அவங்களுக்கு ஒரு பூவே காணும்."

ஈரப் புல்லில் முழந்தாளிட்டு, செடியை நின்ற இடத்திலேயே கும்பிட்டார். அழவில்லை.

எதையும் எண்ணுகிறவன் நான். அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் நாற்பத்தாறு பூக்கள் இருந்தன. அந்தத் தாய்க்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.