பெய்யும் என்று சொன்னேன்

இடைசெவல் அருகே பேருந்து பஞ்சர். அவசரத்துக்கு உளுந்தங்காட்டு ஓரம் ஒதுங்கப் போன நான் கரிசல் சேற்றில் சிக்கி, "காப்பாத்துங்க!" என்று அலறுகிறேன். சேறு கணுக்கால் வரைதான். நடுக்கடலில் கப்பல் ஆடியபோதுகூட இப்படிக் கத்தியதில்லை.

ஆடுகளோடு நின்ற பெண் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார். "என்ன வேல பாக்கீங்க அண்ணாச்சி, இதுக்குப் போயி இந்தக் கத்து கத்துதீங்க?"

"கடல் ஆராய்ச்சிம்மா. கடல் சூட்டை வச்சு மழையைக் கணிக்கிறது." கௌரவத்தை மீட்க, "உளுந்து பச்சைப்பசேல்னு இருக்கே" என்கிறேன்.

"அது முளைப்பு. பறிக்கிற நேரத்துல மழை விடல, காயிலயே முளைச்சிட்டு." அவர் என்னையே பார்க்கிறார். "இன்னும் பெய்யுமா? பெய்யாதுன்னா மிச்சத்தையாவது பறிச்சுக் காயப்போடுவேன். பெய்யும்னா ஆட்ட விட்டுருதேன்."

இத்தனை வருஷத்தில் என் பதிலுக்காக ஒருவர் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை. கடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

"பெய்யும்மா."

அவர் ஆடுகளை உளுந்துக்குள் விடுகிறார்.

பேருந்து கிளம்பிவிட்டது. சன்னலில் தலையை நீட்டி மேகம் தேடுகிறேன். வெயில் சுள்ளென்று அடிக்கிறது.