மூன்றாவது டிரம்மும் கறிவேப்பிலை மரமும்

"நமது வளாகத்துப் பொதுக் கறிவேப்பிலை மரம் முயல் கழிவினால் பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இம்மாத இறுதிக்குள் முயல்களை அப்புறப்படுத்துமாறு சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, செயலாளர். 18 ஏப்ரல், வெள்ளி."

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் மின்மீட்டர்களுக்குப் பக்கத்தில் இந்தத் தாள் ஒட்டியிருந்தது. நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலை, பால் பாக்கெட் எடுக்க இறங்கியபோது. படித்ததும் கோபம் வரவில்லை. தேதிதான் உறுத்தியது. என் நாட்குறிப்பில் சனிக்கிழமைக்கு எதிரே, "ரசத்துக்கு இரண்டு ஈர்க்கு கறிவேப்பிலை பறித்தேன். இலை கொஞ்சம் வெளுப்பு" என்று இருக்கிறது. அவ்வளவுதான், வெளுப்பு. பாதி மரத்து இலை உதிர்ந்து தரையில் கிடந்தது ஞாயிறு விடிந்தபோதுதான். பட்டுப்போவதை வெள்ளிக்கிழமையே ஒருவர் எப்படி எழுதி வைத்தார்?

சம்பந்தப்பட்டவர்கள் என்பது நானும் என் அக்காவும். முயல்கள் அக்காவுடையவை, இரண்டு. அத்திம்பேர் காலமான பிறகு ஆதம்பாக்கத்தில் மகன் வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு பிரம்புக் கூடையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கூடைக்குள் இவை இருந்தன. மகன் வீடு மூன்றாவது மாடி, இங்கே போல மொட்டைமாடி வரை லிஃப்ட் கிடையாது, அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இருந்தும் நான் நோட்டீஸைப் படித்துக் காட்டியபோது, கீரைத்தண்டை ஒடித்தபடியே சொன்னாள்:

"முயல் போனா நானும் போறேன். ஆதம்பாக்கத்துல பால்கனின்னு ஒண்ணு இருக்கே, மூணு பேரும் அதுல இருந்துக்கறோம்."

"படி ஏற முடியுமா உன்னால?"

"ஒரு தடவை ஏறிட்டா அப்பறம் எதுக்குடி எறங்கணும்?"

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பதினோரு வருஷம் தனியாக இருந்தவள் நான். தனிமை பிடித்திருந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அக்கா வந்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

முயல் படுக்கை எப்படி எருவாகிறது என்று சொல்லிவிட வேண்டும். கூண்டில் அடியில் செய்தித்தாள், அதன்மேல் நாலு விரல் உயரத்துக்கு மரத்தூள், மேலே வைக்கோல். வாரத்தில் இரண்டு தடவை மொத்தத்தையும் வாரி ஒரு பழைய அரிசிப் பையில் போடுவோம். மொட்டைமாடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டிரம்கள் மூன்று இருக்கின்றன. ஒரு பை படுக்கை, அதன்மேல் அதுவரை சேர்ந்த காய்கறித் தோல், காய்ந்த சருகு, புளித்த மோர் ஒரு தெளிப்பு, இப்படியே அடுக்கு. பத்து நாளுக்கு ஒருமுறை கழியால் கிளறல். நடுவில் கையை விட்டால் சூடு தெரியும். அந்தச் சூடு அடங்கி, மூத்திர நெடி போய், முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும்வரை அதை மண்ணில் இடக் கூடாது. பக்குவமாகாத மரத்தூள், செடிக்குப் போக வேண்டிய சத்தை முதலில் தானே இழுத்துக்கொள்ளும் என்று இரண்டு புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதனால் மூன்று மாதம் கணக்கு. ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு அட்டை கட்டி, எந்தத் தேதியில் எத்தனையாவது பை என்று எழுதிவருகிறேன்.

அக்காவுக்கு இந்த மூன்று மாதம் பிடிக்காது. "நீ பஞ்சாங்கம் பாத்துண்டு மூடி வெச்சிருக்கே. நாத்தம் யார் மூக்குல ஏறறது? துணி ஒணத்தப் போறவா என்னைத்தான் பேசறா" என்பாள்.

முதல் இரண்டு டிரம் எருவையும் கீழே கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் இருக்கும் கறிவேப்பிலை மரத்துக்குத்தான் இட்டேன். எட்டு வீட்டுக்கும் தாளிக்க அந்த ஒரு மரம்தான். தை மாதம் அது துளிர்த்த துளிர்ப்பைப் பார்த்துச் செயலாளரே என்னைப் பாராட்டினார். மூன்றாவது டிரம்மோ மாசியில் ஆரம்பித்தது, வைகாசிக்கு முன்னால் திறக்கப்போவதில்லை. பிறகு முயல் எப்படி மரத்தைக் கொன்றிருக்கும்?

திங்கட்கிழமை மரத்தூள் கடையிலிருந்து ஆரம்பித்தேன். கடைசி எருவில் விஷத் தூள் கலந்திருக்குமோ என்பது என் சந்தேகம். பிளைவுட் பலகையில் பசையும் பூச்சி மருந்தும் உண்டு. மார்க்கெட்டுக்குப் பின்னால் மரம் இழைக்கும் கடை வைத்திருப்பவர் முயல்கள் வந்ததிலிருந்து எனக்குத் தூளைச் சும்மாவே தருகிறார்.

"பிளைவுட் தூள் தனியா கொட்டிக்கினு கீறோம்மா. உனுக்குக் குடுக்கறது சுத்தமான மரம். தேக்கு, வேம்பு, அவ்ளோதான்."

ஆனால் இரண்டு சாக்கும் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நான் குனிந்து இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன்.

"மோந்து பாக்கறியேம்மா, இன்னா மூக்குப்பொடியா அது?" என்று அவர் கேட்க, இழைப்பு மெஷினில் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு இரண்டு வாசனையும் ஒன்றாகத்தான் இருந்தது. நாட்குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டேன்.

அடுத்த கேள்விக்குறி செயலாளருக்கு. அவருடைய வெள்ளைக் கார் நிற்பது அந்த மரத்தடியில்தான். பழம் பழுக்கும் பருவத்தில் குயில்கள் வந்து பானட்டை ஊதாவாக்கிவிட்டுப் போகும். போன வருஷம் "கிளையைக் கொஞ்சம் கழிச்சுவிட்டா என்ன?" என்று அவர் கேட்டதற்குத் தேதியோடு ஆதாரம் வைத்திருக்கிறேன். நோட்டீஸில் இருக்கும் வெள்ளிக்கிழமையை இதோடு சேர்த்துப் பார்த்தேன். மரத்தைத் தானே ஏதோ செய்துவிட்டு, பழியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார் என்றே தோன்றியது.

வளாகத்தைப் பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். ஆற்றோரத்து வீட்டை இடித்த பிறகு ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டவர். இரண்டு பஸ் மாறி, எங்களுக்கெல்லாம் விடிவதற்குள் வந்துவிடுவார். பார்த்திருந்தால் அவர்தான் பார்த்திருக்க வேண்டும்.

"அந்த மரத்துக்கா? வெடியங்காட்டி யாராச்சும் இன்னாத்தையாச்சும் ஊத்திக்கினும் கொட்டிக்கினும்தான் கீறாங்க."

"யாரு?"

"எல்லாரும்தாம்மா. உங்க வூட்டுலேர்ந்தும்தான்."

என் எருவைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "எல்லாரும்" என்பதை மட்டும் அடிக்கோடிட்டேன்.

முயல் விவகாரத்தை விவாதிக்க அடுத்த ஞாயிறு மாலை கூட்டம் என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமை, மூன்றாவது டிரம் தொடப்படவே இல்லை என்று காட்டுவதற்காகப் படம் எடுத்துவைக்க மொட்டைமாடிக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். அட்டைப்படி உள்ளே பதினான்கு பை. எரு வேகும்போது சுண்டும். எவ்வளவு சுண்டும் என்பதற்கு முதல் இரண்டு டிரம்களின் அளவும் என்னிடம் இருக்கிறது. கழியை விட்டுப் பார்த்தேன். எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் இரண்டு பை குறைந்தது. மேல் அடுக்கு என் கை அடுக்கியது மாதிரியும் இல்லை. நான் சருகைத் தூவுவேன். இங்கே சருகு கையால் தட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது, அக்கா உப்புமாவைப் பாத்திரத்தில் தட்டிவைப்பது போல.

மூடியைப் போட்டேன். படம் எடுக்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில் "மொட்டைமாடிக்குப் போனேன்" என்று மட்டும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் முழுக்க அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நகங்களைப் பார்த்தேன். வாசலில் அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "என்னடி, என்னையே மொறைச்சுப் பாக்கறே?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்திலேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் அந்த மரம், பாதி மொட்டையாக. முதல் கேள்வியாக நான் தேதியைக் கேட்டேன். வெள்ளிக்கிழமையே எப்படித் தெரியும்?

செயலாளர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஐயோ மேடம், அது தண்ணித் தொட்டி கழுவற நோட்டீஸ்! என் மாப்பிள்ளைதான் கம்ப்யூட்டர்ல அதுலயே விஷயத்தை மட்டும் மாத்தினார். தேதியை விட்டுட்டார்."

எல்லாரும் சிரித்தார்கள். தொட்டி கழுவியது சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள் நோட்டீஸ் வந்தது என் குறிப்பிலும் இருந்தது. ஒரு வாரமாக நான் கட்டிவந்த வழக்கு அதோடு சரிந்தது.

அப்போதுதான் தரைத்தளத்து மாமி, யாரும் கேட்காமலே, "வாடறதேன்னு நானும் ஒரு வாரமா ரெண்டு வேளை மோர் விட்டுப் பாத்தேன். பிடிச்சுக்கலையே" என்றார்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்று இங்கே தெரியாதவர் கிடையாது. முதல் மாடிக்காரர் நிமிர்ந்தார். "நீங்களுமா? எங்காத்துல தெனம் விடறோமே."

"நாங்களும்தான்."

"அட, நான் மட்டும்தான்னு நெனச்சிண்டிருந்தேன்!"

ஒவ்வொருவரும், தான் மட்டும் மரத்துக்கு இரகசியமாகப் புண்ணியம் செய்வதாக எண்ணியிருந்தார்கள். கை தூக்கச் சொன்னேன். எட்டில் ஆறு.

"உப்புப் போட்ட மோரா, போடாததா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டு மிஞ்சினதுல உப்பில்லாம எப்படி இருக்கும்?" என்றார் மாமி. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், அறுபத்துமூவர் உற்சவத்தன்னிக்கு வாசல்ல நீர்மோர்ப் பந்தல் போட்டேளே. மிஞ்சின மோர் என்னாச்சு?"

"வீணாக்கப்படாதுன்னு..." செயலாளர் மரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"ரெண்டு அண்டா."

"அப்போ முயலுக்கு முன்னாடி உங்களைன்னா அப்புறப்படுத்தணும்!" என்றாள் அக்கா. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. செயலாளரும் சேர்ந்து சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவள் அவள்.

சிரித்து முடித்துவிட்டுச் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "சரி மேடம். நீங்க ஒரு பிடி எருன்னாலும் எழுதி வெக்கறவா. மூணாவது டிரம்லேருந்து இந்த மரத்துக்கு எதுவும் வரலைன்னு உங்க நோட்டைப் பாத்துச் சொல்லுங்கோ. நோட்டீஸை இப்பவே நானே கிழிச்சுடறேன்."

நோட்டு என் மடியில்தான் இருந்தது. புரட்டினேன். மூன்றாவது டிரம்மின் பக்கத்தில் போட்டதற்கான வரிகள் பதினான்கு இருந்தன. எடுத்ததற்கான வரி ஒன்றும் இல்லை.

"எடுத்ததா எதுவும் எழுதியிருக்கலை" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் எழுந்துபோய்த் தாளைக் கிழித்தார். அக்கா தன் புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

மரம் முழுதாகச் சாகவில்லை. பட்ட கிளைகளைக் கழித்து, அடிமண்ணை ஒரு முழம் தோண்டி அப்புறப்படுத்தி, செம்மண் போட்டோம். தோண்டிய மண்ணில் மரத்தூள் இருக்கிறதா என்று நான் கிளறிப் பார்த்திருக்கலாம். ஆட்கள் சாக்கில் வாரும்போது பக்கத்தில்தான் நின்றேன். கிளறவில்லை. ஆடியில் வேரிலிருந்து மூன்று கன்றுகள் வெடித்தன. மோர் விடக் கூடாது என்று செயலாளர் புது நோட்டீஸ் ஒட்டினார், இம்முறை சரியான தேதியோடு. மூன்றாவது டிரம் எருவை வைகாசியிலேயே காலி செய்து பெசன்ட் நகரில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே இனி அளந்து பார்க்கவும் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் முள்ளங்கி இலையை முயல்களுக்குப் பங்கு பிரித்து, ஒன்றை இன்னொன்றின் பேராசைக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது டிரம்மில் குறைந்த இரண்டு பை சுண்டிப்போனதா, எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டதென்றால் அந்த மரத்தடிக்குத்தான் போனதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.