கிளிக்கு வைத்த பொட்டு

ஊர் வரலாறுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரயில் எந்த வருடம் வந்தது, முதல் மின்விளக்கு எந்தத் தெருவில் எரிந்தது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். வந்த பொருளோடு முதல் வாரத்தில் மக்கள் எப்படிப் புழங்கினார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. எங்கள் பள்ளிக்கு டேப்லெட் வந்த வருடத்துக்கு அந்தக் குறை நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பம்மலில் ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. டேப்லெட்டுகள் வந்த நாள் ஒரு புதன்கிழமை, காலையிலிருந்தே தூறல். ஓர் அறக்கட்டளை அனுப்பியிருந்தது. ஆளுக்கு ஒன்று இல்லை, மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று. எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பட ஒட்டி ஒட்டினேன்: யானை, மயில், மீன், சூரியன்.

முதல் நாளே ஒரு பையன் விரலில் எச்சில் தொட்டுத் திரையை அழிக்கப் பார்த்தான். சிலேட்டில் அப்படித்தானே செய்து பழக்கம். படம் அழியவில்லை, அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது.

"மிஸ், இது இன்னா மிஸ், எச்சி வெச்சா பயந்து ஓடுது!"

வாசிப்புப் பயிற்சிக்கு அதில் ஒரு பச்சைக் கிளி இருந்தது. திரையில் வரும் வரியைப் பிள்ளை உரக்கப் படித்தால் கிளி சிறகடிக்கும். காதில் விழாவிட்டால் தலையைச் சாய்த்து, "மறுபடி சொல்லு, பார்க்கலாம்" என்று கேட்கும். எங்கள் பள்ளிக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். அந்தச் சத்தத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது எங்கள் வழக்கம். அந்த வாரம் ஒரு விமானம் கடந்தபோது, யாரும் வாய் திறக்காமலே எல்லாக் கிளிகளும் ஒன்றாகச் சிறகடித்தன.

"ஏரோப்ளேன் பாஸ் ஆயிடுச்சு மிஸ்!" என்று கத்தினான் மயில் குழுவில் இருந்த ஒரு பையன். எதையும் கத்தித்தான் சொல்வான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வகுப்பில் அவளுக்கு 'மைக் செட்டு' என்று பட்டப்பெயர். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, அதனால் அந்தக் கேலி. முந்தைய வருடம் முதல் வகுப்பில், 'வாசிக்கத் தெரியவில்லை' என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உதடு அசைவது தெரியும். அதற்கு மேல் எதுவும் வராது. மின்விசிறிச் சத்தத்தில் நானும் குனிந்து குனிந்து கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதத்திலேயே அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பம்மலிலேயே ஒரு சிறு பட்டறையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. வாசலிலேயே நின்றபடி சொன்னார்.

"மிஸ், கேளம்பாக்கத்துல எங்க அக்கா இருக்கு. பக்கத்துலயே ஸ்கூலு. பாப்பாவ அங்க வுட்டு ஒண்ணாவதுலேர்ந்து மறுபடி படிக்க வெக்கலாம்னு சொல்லுது. இங்க அவ பேருக்குதான் ரெண்டாவது."

"அவ உங்கள விட்டு இருப்பாளா?"

"இருக்க மாட்டா மிஸ். நானும் இருக்க மாட்டேன். ஆனா படிப்பு வரணுமே."

பூஜை விடுமுறை முடிந்து நடக்கும் பெற்றோர் கூட்டம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை. என் பேச்சுக்குக் கொடுத்த மரியாதை அது.

கிளி வந்த இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை மதியம். மயில் குழுவில் அவளுடைய முறை. டேப்லெட்டை மேசையில் வைக்காமல் இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. கிளி சிறகடித்தது.

அடுத்த வரி. சிறகடித்தது. அதற்கடுத்த வரிக்கும்.

"மிஸ்! மைக் செட்டு பேசுது மிஸ்!" என்றான் கத்துகிறவன். வகுப்பே எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. நான் எல்லோரையும் விரட்டிவிட்டு அவள் அருகில் மண்டியிட்டு, கிளிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ஒரு சொல் விடாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாகப் படித்தாள். அத்தனை நாள் அவள் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கிட்டே போய்க் கேட்க ஆள் இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு ஆடி, ஆவணி முழுவதும் அவள் கிளிக்குப் படித்தாள். எனக்குப் படிக்கச் சொன்னால் குரல் பழையபடி தொண்டைக்குள் போய்விடும். பரவாயில்லை, பெற்றோர் கூட்டத்தில் கிளி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் ஆயுத பூஜை. கரும்பலகை, பூகோள உருண்டை, வாசலில் தொங்கும் மணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். அந்த வருடம் டேப்லெட்டுகளையும் வரிசையாக அடுக்கினார்கள். நான் தேவாலயத்துக்குப் போகிறவள். பூஜை நாளில் என் பங்கு, சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிற்பது. தலைமை ஆசிரியை சந்தனத் தூளைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்திருந்தார்.

"அவங்கவங்க டேப்லெட்டுக்கு அவங்கவங்களே வைங்க," என்றார்.

எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. "நெத்தியிலதான் வெக்கணும்" என்று முடிவாயிற்று. திரைக்கு மேலே, கறுப்புச் சட்டத்தின் நடுவில் காமிராவின் சின்ன வட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஊசி முனை அளவு ஒரு துளை. பார்த்தால் நெற்றி மாதிரியேதான் இருந்தது. மற்றவர்கள் அவசரமாகத் தொட்டு வைத்துவிட்டுப் பொரிகடலைக்கு ஓடினார்கள். மைக் செட்டு மட்டும் நின்று, மோதிர விரலால் எடுத்து, தன் அம்மா வைப்பது போலப் பெரிய வட்டமாக அழுத்தி வைத்தாள். அதன் நடுவில் குங்குமம்.

"ஏய், கிளிக்குக் கல்யாணமாடி?" என்றான் கத்துகிறவன். அவள் சிரித்தாள்.

"விஜயதசமி வரைக்கும் யாரும் துடைக்கக் கூடாது. பூஜையில வெச்சது வெச்சபடி இருக்கணும்," என்று தலைமை ஆசிரியை சொல்லி, பொட்டோடு எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். விடுமுறை முழுவதும் அவை உள்ளேயே இருந்தன.

பள்ளி திறந்த அன்று காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். மயில் குழுவில் அவள் படித்தாள். கிளி தலையைச் சாய்த்தது. மறுபடி படித்தாள். மறுபடி சாய்த்தது. கத்துகிறவன் வாங்கிப் படித்தான், கிளி உடனே சிறகடித்தது. மூன்றாவது பெண்ணும் குரலை உயர்த்தியதும் சிறகடித்தது. அப்படியானால் டேப்லெட்டில் கோளாறு இல்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விடுமுறையில் அவளைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துப்போய் அந்தப் பள்ளியைக் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், பயத்தில் குரல் இன்னும் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டினேன். அந்த வாரம் முழுவதும் அவள் டேப்லெட்டைக் கையில் வாங்குவதும், ஒரு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்தாள். வியாழக்கிழமை வாங்கவே இல்லை.

"கிளி எங்கூட டூ வுட்டுடுச்சு மிஸ்," என்றாள் என் காதருகே.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மா பட்டறைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மகள் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். உதடு அசைந்தது.

"மறுபடி சொல்லு, பார்க்கலாம்," என்றது கிளி.

தன் அப்பாவோடு வந்திருந்த கத்துகிறவன், "சத்தமா சொல்லுடி!" என்று பின்னாலிருந்து உதவினான். அவன் அப்பா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். இவள் மறுபடி படித்தாள். கிளி மறுபடியும் அதையே கேட்டது.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. "நான் அக்காகிட்ட வரோம்னு சொல்லிட்டேன் மிஸ். தீபாவளி முடிஞ்சதும் இட்டுனு போயிடறேன். நீங்க இவ்ளோ நாள் பார்த்துக்கினீங்க, அதுவே பெருசு."

"அவ படிக்கிறத நானே கேட்டிருக்கேன்," என்று சொல்லிப் பார்த்தேன். சிறுமிக்கு அம்மா சொன்னது புரிந்துவிட்டது. டேப்லெட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மூக்கு அதன் சட்டத்தில் இடித்தது. படிக்கத் தொடங்கியவள் நிறுத்திவிட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"மிஸ், இதுல சாமி வாசனை வருது."

"என்னம்மா?"

"சந்தனம் மிஸ். இன்னும் உள்ள கீது."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அந்த ஊசி முனைத் துளையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. கிளி காது கேட்பது அந்தத் துளை வழியாகத்தான். நான் துடைத்தது மேலே இருந்ததை மட்டும். உள்ளே இறங்கியது, பீரோவுக்குள் இருந்த நாள்களில் களிமண் போலக் காய்ந்து இறுகிவிட்டது. உரக்கக் கத்துகிறவர்கள் குரல் எப்படியோ உள்ளே போயிருக்கிறது.

அம்மா எட்டிப் பார்த்தார். "நெத்தின்னு நெனச்சு காதுல வெச்சுகீறியேடி!" என்று மகளைச் செல்லமாக இடித்துவிட்டு, கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். ஆழமாகக் குத்திவிடப் போகிறாரோ என்று நான் பயந்தேன். ஊக்கின் முனையை உள்ளே விடாமல், விளிம்பை மட்டும் பொறுமையாகச் சுரண்டினார். சந்தனம் ஒரு சிறு பொருக்காகப் பெயர்ந்து வந்தது. வண்ணப் பெட்டியிலிருந்த காய்ந்த தூரிகையால் நான் மீதியைத் தட்டிவிட்டேன்.

சிறுமி படித்தாள். கிளி சிறகடித்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் மூச்சுவிட்ட நேரத்தில் ஒரு விமானம் வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். கிளி விமானத்துக்கும் அதே உற்சாகத்தோடு சிறகடித்தது. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இன்னா மிஸ் இது? ஏரோப்ளேனுக்கும் ரெக்க அடிக்குது. அப்ப இவ படிச்சாளா, இல்ல வெறும் சத்தத்துக்கு அடிக்குதா?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் அவரே டேப்லெட்டை வாங்கிக் குப்புற வைத்தார். பைக்குள்ளிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைப் பிரித்தார். மகளை இழுத்து மடியில் உட்கார வைத்து, டேப்லெட்டைப் பிடிப்பது போலவே தன் முகத்தை அவள் வாய்க்கு அருகில் வைத்தார்.

"எனக்குப் படி."

அவள் படித்தாள். குளத்தில் தவளை குதித்த கதை அது. எனக்குப் பாதிதான் கேட்டது. அம்மாவின் கண் புத்தகத்தில் வரிக்கு வரி நகர்வதைப் பார்த்துத்தான் அவள் எங்கே படிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். பக்கம் முடிந்தது. அம்மா புத்தகத்தை மூடவில்லை.

"எங்க வூட்ல ஒரே ரூமு மிஸ்," என்றார். "அவங்கப்பா மேடவாக்கத்துல ஃபிளாட்டுக்கு நைட் வாட்ச்மேன். பாப்பா ஸ்கூல் வுட்டு வரப்போ அவரு தூங்கினு இருப்பாரு. பொறந்ததுலேர்ந்து 'உஷ், உஷ்'னு சொல்லியே வளத்துட்டேன்." பிறகு சிரித்தார். "நல்லாதான் கேட்டுக்கினு வளந்துகீறா."

கேளம்பாக்கத்துக்கு அங்கிருந்தே போன் செய்தார். "அக்கா, பாப்பா இங்கயே இருக்கட்டும்... இல்லக்கா, படிக்கிறா... நான்தான் கேக்கல."

அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொல்ல வாய்க்கவில்லை. போனை வைத்ததும் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். இங்கே சொல்லிவிடுகிறேன். கிளிக்கும் சொல்ல வேண்டும். விமானத்தையும் பிள்ளையையும் பிரித்தறியத் தெரியாத யந்திரம்தான் அது. ஆனாலும் அவளிடம் யாரும் அவ்வளவு கிட்டே போகாதிருந்த நாள்களில் அவள் அதைக் கிட்டே பிடித்துக்கொள்ள முடிந்தது. அன்றிலிருந்து என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் ஒருமுறை என் காதருகே வந்து படிக்கிறது. நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. நான் சந்தனத் தட்டோடு நின்றேன். டேப்லெட்டுகளை அடுக்கியதும் அவள் தன் வகுப்பிலிருந்து ஓடி வந்து, புதிதாக இரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள். மயில் ஒட்டியிருந்ததை எடுத்து, அந்தத் துளையின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இங்க வெக்காதீங்க," என்றாள். "இது அதோட காது. முதுகுல வைங்க."

வரிசையின் கடைசியில் நின்றிருந்த எனக்கும் கேட்டது.