மூன்று வாஷர்கள்

லாரி டயர் கடையில் அவரை ‘டைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம், மனுஷன் குடியைத் தொட்டதே இல்லை. முப்பத்தோரு வருஷமாகச் சக்கர நட்டுகளை முடுக்கிய கை அது. அவர் முடுக்கிய நட்டு கழன்றது என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. கழன்றால் உயிர் போகும் என்ற பயத்தில் பழகிய பழக்கம், பாவம், அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சர்க்கரை டப்பாவை அவர் மூடினால் அவரே வந்துதான் திறக்க வேண்டும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் சர்க்கரையில்லாத டீயைக் குடித்துவிட்டு மனைவி முணுமுணுத்த நாட்கள் எத்தனையோ.

இன்றைக்கு நாலு மணிக்கு அந்த மனைவி வீட்டுக்கு வருகிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனவள். மூன்று மாதமாயிற்று. நேற்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“வந்து பாப்பேன். தரை காஞ்சிருந்தா இருக்கேன். அந்த ஷவர் இன்னும் சொட்டிட்டிருந்தா வந்த வண்டியிலயே திரும்பிடுவேன். கோவிச்சுக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு.”

மணி இரண்டேகால். ஷவர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் விழுந்த வாரமே குழாயைக் கழற்றிப் புது வாஷர் போட்டார். பத்து நாள் நின்றது, மறுபடி சொட்டியது. இன்னொன்று போட்டார், அதற்கும் அதே கதி. பிளம்பருக்குப் போன் செய்தால், “வியாழக்கிழமைக்கு முன்னாடி தலையே காட்ட முடியாது சார்” என்றார். இன்று திங்கள்.

வெளியே வால்வை அடைத்துவிட்டு வந்து குழாய்த் திருகின் ஸ்க்ரூவில் கை வைத்தார். அசையவில்லை. போன தடவை முடுக்கியவர் யார், அவரேதான். தன்னோடு தானே மல்லுக்கட்டி, வியர்வை கண்ணில் இறங்க, இருபது நிமிஷம் போயிற்று. ஒருவழியாகத் திருகு கழன்றது. உள்ளேயிருந்த வாஷரை எடுத்து, ஜன்னல் கட்டையில் கிடந்த பழைய இரண்டோடு சேர்த்து வைத்தார்.

வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தேய்ந்த டயரைப் பார்த்தே டிரைவரின் குணத்தைச் சொல்லிவிடுவார் அவர். இவன் பிரேக்கில் ஏறி நிற்பவன், இவன் வளைவில் வேகம் குறைக்காதவன் என்று சொன்னால் டிரைவர்கள் தலையைச் சொறிவார்கள். அந்தக் கண்ணோடுதான் இப்போது மூன்று ரப்பர் வில்லைகளையும் பார்த்தார். மூன்றிலும் நடுவில் ஒரே மாதிரி வட்டமான வெட்டு. கத்தி வைத்து அழுத்தியதுபோல ஆழம். சரியாக மூடாத குழாயின் வாஷர் இப்படி வெட்டுப்படாது. பலங்கொண்ட மட்டும் முடுக்கினால்தான் படும்.

முதல் வாஷர் இரண்டு பேரும் புழங்கியது. மற்ற இரண்டும் அவள் போன பிறகு போட்டவை. அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷம்! “ஒரு குழாயச் சரியா மூடத் தெரியாதா உனக்கு?” என்று தினமும் கூடத்திலிருந்து ஒரு கத்தல். அவள் மூடிவிட்டு வந்த பிறகு இவர் போய் ஒரு முடுக்கு. அன்றைக்கு, ஷூ மாட்டிக்கொண்டே கத்தினார். குளித்துவிட்டுக் குளியலறை வாசல்வரை வந்தவள், ஈரக்காலோடு திரும்பிப் போனாள், இன்னும் முடுக்க. அப்போதுதான் விழுந்தாள். தான் கத்தியதை அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மணி மூன்று. அழுவதற்கு நேரமில்லை.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பு முழுக்கக் கீறல். எத்தனை வாஷர் போட்டாலும் அதன் வழியே தண்ணீர் கசியத்தான் செய்யும். ஒரு குச்சியின் முனையில் வட்டமாக உப்புத்தாளை ஒட்டி, உள்ளே விட்டு, மெல்ல மெல்லத் திருப்பினார். கொஞ்சம் அழுத்தினாலும் போச்சு. அழுத்தாமல் வேலை செய்வது அவர் கைக்குப் புதுசு. கடைசியில் விரலை விட்டுத் தடவினார். வழவழப்பாக இருந்தது.

புது வாஷர் போட்டு, வால்வைத் திறந்து, ஷவரைக் கொஞ்சம் ஓடவிட்டு, இரண்டே விரலால் மூடினார். தரையைத் துணியால் துடைத்தார்.

சொட்டியது.

கை தானாகத் திருகுக்குப் போனது. ஒரே ஒரு முடுக்கு, நின்றுவிடும். ஆனால் பத்து நாளைக்குத்தான் நிற்கும். கையை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஷவர் தலையில் தேங்கிய தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு சொட்டு. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். இன்னொன்று. விழுந்த சொட்டுகளைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். வாக்கரின் ரப்பர்க் கால்கள் கூடத்துத் தரையில் பதியும் ஓசை கேட்டது. ஷவரின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, விழாமல் தொங்கியது.

அது விழவே இல்லை.

மனைவி குளியலறை வாசலில் நின்றாள். தரையைப் பார்த்தாள், ஷவரைப் பார்த்தாள், ஒரு காலை உள்ளே வைத்துத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பின்னாலேயே வந்த மகள், “இனிமேலாவது நல்லா இறுக்கி மூடும்மா” என்றாள்.

“சரிடி” என்றாள் அவள், சின்னக் குரலில்.

அவர் ஓரடி முன்னால் வந்தார். “இறுக்க வேண்டாம்” என்றார். “நீ எப்பவும் சரியாத்தான் மூடுன. இறுக்கி இறுக்கிக் கெடுத்தது நான்.”

அவள் வாக்கரை அவர் பக்கம் திருப்பினாள். வாக்கரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

“மூணு மாசமா இவகிட்ட, என் தப்புதான், நான் சரியா மூடலன்னு சொல்லிட்டிருந்தேங்க” என்றாள். “நீங்க கத்துனத நான் சொல்லவே இல்ல.”

மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னப்பா கத்துனீங்க?”

அவர் மூன்று வாஷர்களையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.