அறுக்காத கடைசி ஃபாரம்

பிற்பகல் இரண்டரை மணிக்குச் செய்தி வந்தது. தியாகராய நகர்ப் பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சாந்தோமில் அக்கா லூர்துமேரி திடீரென்று இறந்துவிட்டாள். வயது முப்பத்தெட்டு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் பெட்டியைத் திறந்தேன். மேலாக என் பழைய கதைப் புத்தகம் இருந்தது. அது கடையில் வாங்கியதல்ல. அக்கா மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் தாள் மடித்தாள். பதினாறு பக்கம் அச்சான ஒரு தாளை அங்கே ஃபாரம் என்பார்கள். மை அப்பியும் கோணலாக அச்சாகியும் கழித்துப்போட்ட ஃபாரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, மடித்து, பக்கங்கள் பிரிய மடிப்பை அறுத்து, எனக்காகத் தைத்தாள். சங்குக்குள் அடங்கிய ஒரு நகரமும் அதில் மாட்டிக்கொண்ட மாலன் என்ற பையனும்தான் கதை. ஒன்பது வயதில் எனக்கு அது மனப்பாடம். முடிவு மட்டும் இல்லை. கேட்டால், "வெளிய வந்துட்டான்டா, படு" என்பாள்.

மீண்டும் படித்தேன். மாலன் சங்கின் சுவரைத் தட்டும் இடத்தில் இன்றும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெட்டியில் புத்தகத்துக்கு அடியில், பழுப்புத் தாளில் சுற்றிய கடைசி ஃபாரம் இருந்தது. மடிப்பு அறுக்கவில்லை, யாரும் படித்த அடையாளமும் இல்லை. ஒரு கறையும் இல்லை. பிறகு நான் கதையைப் படிக்கவில்லை. பக்கம் பக்கமாகக் கறையைத் தேடினேன். மற்ற எல்லா ஃபாரத்திலும் இருந்தது.

கண் வலியால் வேலையை விட்டதாகத்தான் அக்கா சொல்லியிருந்தாள். அவளோடு தாள் மடித்த ஆரோக்கியமேரியிடம் கேட்டேன்.

"கண்ணு வலியா? நல்லா சொன்னா போ! கடைசி ஃபாரம் கழிவுல வரவே இல்ல நைனா. 'தம்பி கேட்டுக்கினே கீறான்'னு பொலம்புவா. ஒருநாள் எண்ணிக்கையில ஒண்ணு கொறஞ்சுது. மேஸ்திரி எல்லார் கூடையையும் கொட்டச் சொன்னான். இவ கூடைய தொடவுடல. 'வேல வாணாம்'னு கெளம்பிட்டா."

"அப்போ அக்காதான் எடுத்தாளா?"

"என்ன இன்னாத்துக்குக் கேக்குற? பி.ஏ. படிச்சவன் நீதான?"

வேலையை விட்ட அந்த வருஷத்திலிருந்து அக்கா, பூசையில் பாதிரியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கியதில்லை. அந்த நாள் திருச்சபை விதிப்படி நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் குடிக்காமல்தான் அதை வாங்க வேண்டும். பூசையில் எல்லோரும் எழுந்து போகையில் அவள் மண்டியிட்டபடியே இருப்பாள். "தண்ணி குடிச்சுட்டேன்" என்பாள். பதினாறு வருஷமும் ஞாயிறுதோறும் தாகம் எடுக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்காதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை, அது இல்லாமல் நற்கருணையும் இல்லை என்று எனக்குச் சொல்லித்தந்தவளும் அவள்தான்.

கத்தியை எடுத்தேன், வைத்துவிட்டேன். மாலன் வெளியே வந்தானா என்பது அந்த மடிப்புக்குள் இருக்கிறது. விரித்தால் பழைய தாள் மடிப்பில் கிழியும், அறுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது.

பழுப்புத் தாளின் மேல், தபாலில் அனுப்ப எழுதுவதுபோல், அச்சுக்கூடத்தின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறாள். தெருவின் பெயரை எழுதவில்லை.