மட்கார்டைப் பார்த்த கண்

சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரிடம் பழைய கார் ஒன்று வாங்கினேன். புதுக் கார் கிடைக்காத இந்நாளில் அதற்கு இரட்டை விலை தருவதாகச் சொல்கிறார்கள். ஓட்டும் சுகத்துக்காக நான் விற்கவில்லை.

சென்ற மாதம் மனைவியோடு மலைப்பாதையில் வண்டிப்பெரியாருக்கு இறங்கும்போது, சத்தமில்லாமல் மிதந்து போகும் ஆசையில் இன்ஜினை அணைத்தேன். இன்ஜின் இழுத்துப் பிடிக்காததால் வேகம் கூடி, வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. கார் ஒரு மண்மேட்டில் ஏறி நின்றது.

நான் குதித்திறங்கி மட்கார்டைத் தடவிப் பார்த்தேன். நசுங்கவில்லை. "அப்பாடா!" என்றேன்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? அப்ப இங்கிட்டு வந்து என்னையும் கொஞ்சம் பாருங்க" என்றாள் மனைவி. அவள் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. துண்டால் கட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

காயம் ஆறிவிட்டது. இப்போது இறக்கத்தில் இன்ஜினை அணைப்பதேயில்லை. காரின் விலையை யாராவது விசாரித்தால், அவள் எதிரில் சொல்ல நாக்கு எழுவதுமில்லை.