மல்லிக்காட்டுத் தேன்

எங்கள் பக்கத்தில் விளைச்சலைக் கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டோம். மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் கிடந்தாலும் "என்னத்த, சுமாருதான்" என்போம். மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டால் "கன்னுக்குட்டிக்கே பத்தல" என்போம். அது பொய் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. கண் பட்டுவிடும், அவ்வளவுதான். கேட்கிறவருக்கும் இது தெரியும், அவராகவே கூட்டிப் புரிந்துகொள்வார். இந்தத் தை மாதம் நான் சொன்னதை ஒரு மனிதர் அப்படியே நம்பிவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பரளச்சிக்குப் போகிற பாதையில் எங்கள் நிலம். சுற்றிலும் மழையை நம்பின கரிசல் காடு. நடுவில் போர்த் தண்ணீரை நம்பி நானும் என் வீட்டுக்காரரும் போட்ட திராட்சைப் பந்தல். "கரிசக்காட்டுல திராச்சையா, கூத்துதான் போ" என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களெல்லாம் பழம் பழுத்ததும் ஓசியில் ருசி பார்க்க வந்தார்கள், அது வேறு கதை. பந்தலோடு தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறோம். தேன் எடுத்தபின் மிஞ்சுகிற மெழுகை உருக்கி, மெழுகுவத்தி செய்து மதுரையில் ஒரு கடைக்குக் கொடுப்போம். கார்த்திகை பிறந்தால் மாசி முடிகிறவரை எனக்கு இடுப்பு நிமிர நேரமிருக்காது. மார்கழிப் பனியில் கவாத்து. கொடியை மொட்டையாக வெட்டி, வெட்டின இடத்திலெல்லாம் மருந்து பூசி, கீழே விழுந்த குச்சிகளைப் பொறுக்கிச் சுமந்து கொட்ட வேண்டும். கத்திரி பிடித்துப் பிடித்து விரலெல்லாம் காய்த்துப்போகும்.

பந்தல் மொட்டையாக நிற்கிற அந்த நாளில் தேனீக்கு அங்கே என்ன கிடைக்கும்? பக்கத்துக் காட்டு அண்ணன் போடுகிற மல்லிதான் அதற்குச் சாப்பாடு. தலையில் வைக்கிற மல்லி இல்லை, ரசத்துக்குப் போடுகிற கொத்தமல்லி. மார்கழியில் அது பூத்தால் காடே வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் பெட்டிகளை அவர் வரப்பில்தான் வைத்திருந்தோம். அவர் எனக்கு உறவில்லை, அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. "தேனீ பூவை உறிஞ்சுனா மணி பதராப் போயிரும்" என்று அவர் மகன் தடுத்தபோது, "ஏலே, அது என்ன உன் காட்டை மென்னா திங்கப்போகுது?" என்று அவனை அடக்கிவிட்டு இடம் கொடுத்தவர்.

போன வருஷம் அவரைக் கூப்பிட்டு ஒரு தேனடையைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்கண்ணே, தேன் ரொம்புனாத்தான் மேல வெள்ளை மெழுகு வச்சு மூடும். தேன் இல்லைன்னா மூடியும் இல்லை" என்று பெரிய பண்டிதச்சி மாதிரி விளக்கினேன். "பரவால்லையே, எங்க வீட்டுல காலிப் பானையையும்ல மூடி வைக்காக" என்று அவர் சிரித்தார்.

அண்ணன் கடை விதை வாங்கவே மாட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து சொந்தக் காட்டில் எடுத்த மல்லியையே விதைக்கு வைத்து விதைத்து வருகிறார். மழை ஏமாற்றினால் மறுபடி விதைக்க வேண்டுமே என்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பார். வருஷா வருஷம் தகப்பனுக்கும் மகனுக்கும் இதில்தான் சண்டை. "அந்த விதை செத்துப்போச்சுப்பா, கம்பெனி விதை போடுவோம்" என்பான் மகன். இவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த வருஷம் பூ நன்றாகத்தான் பூத்தது. மணி பிடிக்கிற நேரம் பார்த்து மூடுபனி பிடித்துக்கொண்டது. வெயில் ஏறுகிற வரைக்கும் பந்தல்குடி ரோட்டில் லாரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. செடி மாவு பூசினது போல வெளுத்து, மணியெல்லாம் பதராகிவிட்டது. அண்ணன் பனியைச் சொன்னார், மகன் விதையைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் மல்லி போடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்த வீட்டில் நடந்த ரகளை எங்கள் பந்தல் வரைக்கும் கேட்டது.

தையில் நாங்கள் தேன் எடுத்தோம். வாசம் பிடித்துத் தேனீ மொய்த்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுப்போம். நான் அடையின் மெழுகு மூடியைச் சீவிக் கொடுக்க, என் வீட்டுக்காரர் மிஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். அம்மாடி, பெட்டி வைத்த நாளிலிருந்து அப்படித் தேன் வந்ததே இல்லை! கேன்களெல்லாம் ரொம்பி, குடம் ரொம்பி, கடைசியில் இட்லிக் குண்டானைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தேன். அப்போதுதான் வாசலில் அண்ணன் குரல் கேட்டது.

"தாயி, இருக்கியா?"

கதவைப் பாதி திறந்து, உள்ளே தெரியாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"தேனு எப்பிடிம்மா வந்திருக்கு இந்த வருசம்?"

நான் யோசிக்கவே இல்லை. "அத ஏண்ணே கேக்குறீக. ஒண்ணும் தேறல."

"ஒண்ணுமேவா?"

"பெட்டியைத் தூக்குனா காத்தாட்டம் இருக்குண்ணே." தேன் பிசுபிசுத்த கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அவர் தன் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு "சரிம்மா" என்று போய்விட்டார்.

"ஏன்டி, மச்சான்கிட்டப் போயி இந்த அள அளக்குற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பின்ன? குண்டான் ரொம்பி வழியுதுன்னு சொல்லவா? அவுகளே பதரைத் தூத்திக்கிட்டுக் கெடக்காக. சும்மா சுத்துங்க."

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் ஒரு பையோடு வந்தார். களத்தில் பாடுபட்ட எல்லாருக்கும் ஒரு பங்கு அள்ளிப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். "உன் தேனீயும் என் காட்டுல அலைஞ்சுச்சுல்ல. உனக்கும் இந்த வருசம் இல்ல, எனக்கும் இல்ல. குழம்புக்கு வச்சுக்க தாயி" என்று பையை என் கையில் கொடுத்தார். அவிழ்த்துப் பார்த்தால் மணி உருண்டு திரண்டு, அப்படி ஒரு வாசம். அத்தனை பதருக்குள்ளும் எனக்கென்று பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சுவரோரம் சாக்குப் போட்டு மூடின கேன்கள் வரிசையாக நிற்கின்றன. உடம்பே கூசிப்போயிற்று. இப்போதாவது சொல்லித் தொலையேன்டி என்று மனசு இடித்தது. வாயோ "எதுக்குண்ணே இதெல்லாம்" என்றுதான் சொன்னது. ஒரு பாட்டில் தேனாவது கொடுத்தனுப்பலாம் என்றால், கொடுத்தால் பொய் வெளுத்துவிடுமே. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அதற்குள் வீட்டில் குழம்புப்பொடி தீர்ந்தது. அந்த மல்லியை மொத்தமாகக் கொட்டி, மிளகாயோடு வறுத்து, அருப்புக்கோட்டை மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன். பஸ்ஸில் வந்தபோது முன் ஸீட்டுப் பெண் திரும்பி, "என்ன மல்லி அக்கா இது, இந்த மணம் மணக்குது?" என்று கேட்டாள்.

மாசியில் மெழுகு வேலை. உருக்கின மெழுகில் திரியின் இரண்டு முனையையும் திரும்பத் திரும்ப முக்கி எடுத்து, ஒரு திரிக்கு இரண்டு வத்தியாகப் பந்தல் கம்பியில் தொங்கவிடுவோம். கவாத்து வெட்டின கொடியில் புதுத் தழை வந்து நல்ல நிழல். அன்று காலை பந்தலுக்கடியில் முழுக்க வெள்ளை வெள்ளையாக மெழுகுவத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் காட்டுக்குப் போகிற வழியில் உள்ளே வந்து, குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தேன் இல்லைன்ன. இம்புட்டு வெள்ளை மெழுகு எங்கிட்டிருந்தும்மா வந்துச்சு?"

நான் சொல்லிக்கொடுத்த பாடம். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இனி எங்கே போய் மறைப்பது?

"நெறைய வந்துச்சுண்ணே. கண்ணு பட்டுருமேன்னு பொய் சொல்லிட்டேன். எல்லாம் உங்க மல்லியிலதான் வந்துச்சு."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்ப என் பூவுல தேனு ஊறியிருக்குல்ல! விதை சாகல, எல்லாம் பனி செஞ்ச வேலைதான்! அன்னைக்கு அதைக் கேக்கத்தானம்மா வந்தேன். தேனே இல்லைன்னு நீ சொல்லவும், சரி, பய சொன்னதுதான் நெசம், விதை செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டேன். கூடுதலா வச்சிருந்த விதையையெல்லாம் கடையில கொண்டுபோயிப் போட்டுட்டேன். உனக்குக் குடுத்தேன்ல ஒரு பை, அதுதான் மிச்சம். எடுத்துட்டு வா தாயி. அது போதும், அதைப் போட்டு மறுபடி பெருக்கிருவேன்."

அவர் கையை நீட்டிக்கொண்டே சொன்னார். அந்தச் சண்டை எனக்குத் தெரியும். அவருக்கு அந்த விதை என்னவென்றும் தெரியும். தேனைப் பற்றி ஒருவர் வந்து கேட்டால் அது என் தேனைப் பற்றித்தான் என்று நினைத்தேன் பாருங்கள், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"வறுத்து அரைச்சுட்டேண்ணே" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நீட்டின கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். பக்கத்தில் தொங்கின ஒரு மெழுகுவத்தியைத் தொட்டுப் பார்த்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் அழுதாவது தீர்த்திருப்பேன்.

"குழம்பு நல்லாருந்துச்சா தாயி?" என்று கேட்டார்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நல்லாருந்துச்சு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சுமாருதான் என்றும் சொல்ல முடியவில்லை.